யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பேய்ப் படம் என்றாலே ஏன் ஒதுங்குகிறார்கள்?

பயந்த சுபாவம் என்று நினைத்தால் தப்பு. நமக்குப் பேய் வெறும் கதை, தியேட்டரில் விளக்கு எரிந்ததும் மறந்துவிடுவோம்; அவர்களுக்கோ பேய்கள் என்பவை கடவுளை எதிர்த்துக் கலகம் செய்த நிஜ தேவதூதர்கள், ஆவியுலகத் தொடர்பே கூடாது என்று பைபிளில் உபாகமம் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது, அதனால் மந்திரக்கோல் சுழற்றும் குழந்தைகள் படத்தைக்கூடப் பலர் வீட்டில் போடமாட்டார்கள். இத்தனைக்கும் இன்னின்ன படம் பார்க்காதே என்று தலைமை பட்டியல் எதுவும் போடுவதில்லை, மனசாட்சிப்படி முடிவு செய் என்பார்கள். ஆனால் நெருங்கிய நட்பெல்லாம் சபைக்குள்ளேயே இருக்கும்போது, மற்றவர் என்ன நினைப்பார் என்பதும் அதில் சேர்ந்துகொள்ளுமே!

ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஒருவன் இப்படித்தான். படம் நல்லா இருக்கா என்று கேட்கமாட்டான், "மாந்திரீகம் வருதா?" என்பான். பிறந்தநாள் கேக் வெட்டும் காட்சியில் நாங்கள் கண்கலங்கினால் அவன் போனை நோண்டிக்கொண்டிருப்பான். அவர்கள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை.