கூடாரத்தை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஓகஸ்ட் முதல் வாரம் ரொறன்ரோவிலிருந்து அண்ணா குடும்பத்தோடு வருகிறார். பிள்ளைகளுக்கு ஐந்து வயதும் பதினொரு வயதும். ஹோட்டல் வேண்டாமாம், கிளாம்பிங்தான், அதாவது கட்டில் மெத்தை வசதியோடு கூடாரத்தில் தங்குவதுதான் வேண்டுமாம். பிள்ளைகள் நீந்தவும் வேண்டுமாம். மூன்று இரவு. அம்மாவும் வருவா, 70 வயது, முழங்கால் வருத்தம். அறுகம்பேயில் கடலோரக் கூடாரம் ஒன்றும், அம்பாறைப் பக்கம் குளத்தோரக் கூடாரம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். படத்தில் இரண்டும் சோக்காக இருக்கின்றன. எதை எடுக்கட்டும்?"

தங்கச்சி, இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் பார்த்திருப்பது கூடாரத்தை. வெள்ளை மெத்தை, விளக்குச் சரம், வாசலில் ஒரு ஊஞ்சல். ஐந்து வயதுப் பிள்ளை அந்த ஊஞ்சலில் அரை மணித்தியாலம் ஆடும். மிச்ச நேரம் முழுக்கத் தண்ணீருக்குள்தான் நிற்கும். ஆகவே முதலில் தண்ணீரைத் தெரிவு செய்யுங்கள், பிறகு அதற்குக் கிட்ட என்ன கூடாரம் இருக்கிறது என்று தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். பிழையாகிப்போன பயணங்களில் பாதிக்கு மேல் இந்த வரிசை மாறியதால் பிழையானவைதான்.

காலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வாடைக்காற்றும் மாரி மழையும் நம் கரைக்கு வருவது ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் நல்ல பிள்ளை. அதே ஓகஸ்டில் காலி, மாத்தறைப் பக்கம் கடல் முரடாக இருக்கும். அதனால்தான் அந்த மாதம் எல்லாரும் இங்கே ஓடி வருகிறார்கள்.

என் பதில் பாசிக்குடா. பெயரைக் கேட்டதும் "அங்கேதானே எல்லாரும் போகிறார்கள்" என்று அண்ணா முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். முருகைக்கல் திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால், குடாவுக்குள் தண்ணீர் தாம்பாளம் போலக் கிடக்கும். வெகுதூரம் நடந்து போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். ஐந்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மணித்தியாலக்கணக்கில் நிற்கக்கூடிய கடல் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் இதைப்போல் இன்னொன்று எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை நனைக்கலாம். அந்த வெதுவெதுத் தண்ணீர் அவவுக்குச் சுகமாகவும் இருக்கும். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை பக்கத்தில்தான் இருக்கிறது. பாடசாலை விடுமுறை நாளிலும் சனி, ஞாயிறிலும் பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கும். திங்கள் முதல் வியாழன் வரை எடுங்கள். காலில் கல் வெட்டாமல் இருக்க ரப்பர் செருப்பு ஒன்றைக் கொண்டு போங்கள். மோட்டார் படகு ஓடுகிற பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் ஆட்களே இதைக் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஓகஸ்டில் கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து, மலைகளைத் தாண்டி, ஈரமெல்லாம் வற்றிப்போய் வருகிற காற்று. களுவாஞ்சிகுடிக்காரருக்கு அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை; உதடு வெடிக்கும், கொடியில் போட்ட உடுப்பு பத்து நிமிடத்தில் காயும். ஆனால் கடலில் அது என்ன செய்கிறது? தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத் தண்ணீரை இன்னும் மட்டமாக்கிவிடும். பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் மச்சாள் கனடாவிலிருந்து கொண்டு வந்த காற்றடைத்த அன்னப்பறவையை ஊதிப் பிள்ளையை அதன்மேல் ஏற்றிவிட்டால், அது சத்தமில்லாமல் வெளியே போகத் தொடங்கும். நீங்கள் கரையில் நின்று கையசைப்பீர்கள், பிள்ளையும் கையசைக்கும், இடையில் தூரம் கூடிக்கொண்டே போகும். காற்றடைத்த எதையும் கடலுக்குக் கொண்டு போக வேண்டாம். பிள்ளைக்கு உடம்பில் கட்டுகிற உயிர்காப்பு அங்கி போதும். அதுவும் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்கும்போதுதான்.

பக்கத்துக் கல்குடா நீண்ட, ஆளில்லாத, அழகான கரை. ஆனால் அது திறந்த கடல், ஆழம் சட்டென்று வரும். தங்குவதற்குக் கல்குடாவும் நீந்துவதற்குப் பாசிக்குடாவும் என்று வைத்துக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

அறுகம்பேக்கு வருவோம். எனக்கு அந்த ஊர் பிடிக்கும். ஆனால் ஓகஸ்ட் அங்கே அலைச்சறுக்குக்காரர்களின் திருவிழாக் காலம். உலகம் அங்கே வருவது அலைக்காகத்தான், அலை இல்லாத தண்ணீருக்காக அல்ல. தெற்கு மூலையில், மீன்பிடி வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கும் பக்கம் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். வடக்கே போகப் போகக் கரையிலேயே அலை அடித்து விழும், ஆளைக் கடலுக்குள் கொண்டு போகிற இழுவையும் இருக்கும். இழுவையைக் கண்ணால் பிடிக்கலாம்: இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் ஒரு துண்டுக் கடல் மட்டும் கறுத்து, அமைதியாக, கலங்கலாகக் கிடந்தால் அதுதான். தெரியாதவர்கள் "இங்கே அலை இல்லை" என்று நேரே அதற்குள்தான் இறங்குவார்கள். அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. மிதந்துகொண்டு கையை உயர்த்த வேண்டும்; நீந்தத் தெரிந்தால் கரையோடு ஒட்டிய திசையில் பக்கவாட்டாகப் போய் இழுவைக்கு வெளியே வர வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அலைச்சறுக்குப் பழகும் ஆசை இருந்தால் ஆசிரியரோடு ஒரு காலை வேளை போதும். மூன்று இரவுக்கு, ஐந்து வயதோடு, வேண்டாம்.

அறுகம்பே பக்கத்து விளம்பரங்களில் இன்னொன்றும் வரும்: "களப்போரக் கூடாரம்". பொத்துவில் தொடங்கிப் பாணமை வரை கடலுக்குப் பின்னால் களப்புகள்தான். அமைதியான தண்ணீர், பிள்ளைகள் இறங்கக் கேட்பார்கள். அவற்றில் முதலை உண்டு. 2017 செப்டெம்பரில் அறுகம்பேக்குத் தெற்கே, கடலுக்கு மிகக் கிட்ட உள்ள ஒரு களப்பில் இளம் பிரித்தானியச் செய்தியாளர் ஒருவரை முதலை கொன்றது. கடற்கரையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான் அந்த இடம். களப்பில் படகில் போங்கள், கண்டல் மரங்களைப் பாருங்கள். காலை நனைக்க வேண்டாம். முகத்துவாரங்களும் அப்படியே, அங்கே முதலை இல்லாவிட்டால் நீரோட்டம் இருக்கும்.

குளத்தோரக் கூடாரம்? "நாமெல்லாம் குளத்தில் குளித்து வளர்ந்தவர்கள்தானே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாம் நம் ஊர்க் குளத்தில், நமக்குத் தெரிந்த படித்துறையில் குளித்தோம். எங்கே சேறு, எங்கே துருசு (மதகு), எங்கே மாடு இறங்கும் என்று கால் அறியும். பிறத்தியூர்க் குளம் வேறு. ஓகஸ்டில் நீர்மட்டம் இறங்கி, புதைசேறும் அடிக்கட்டைகளும் வெளியே வரும் காலம். துருசு திறந்திருந்தால் கிட்டப் போகவே கூடாது. காலில் காயத்தோடு கலங்கல் தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சலுக்கும் வழி. அம்பாறைப் பக்கம் போனால் சேனாநாயக்க சமுத்திரத்தைப் பாருங்கள். கல்லோயாத் தேசியப் பூங்காவில் படகுச் சவாரி இருக்கிறது, யானை தீவுக்குத் தீவு நீந்துவதை அதிர்ஷ்டமிருந்தால் காணலாம். அந்த ஏரியில் நீந்துகிற வேலையை யானைக்கே விட்டுவிடுங்கள். தங்குமிடத்தில் நீச்சல் தடாகம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் யோசிக்கலாம். அப்போதும் ஆழம் எத்தனை அடி, சுற்றி வேலி உண்டா, சிறுபிள்ளைப் பகுதி தனியாக உண்டா என்று கேளுங்கள். இரவில் கூடாரத்துக்குள் வாழைப்பழம், மாம்பழம் வைத்திருக்க விடுகிறார்களா என்றும் கேளுங்கள். "வைக்கலாம், பிரச்சினை இல்லை" என்று சொல்கிற இடத்துக்கு யானையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

சரி, இனிக் கூடாரம். நம் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். கடலைப் பார்த்த கூடாரம் படத்துக்கு நல்லது. ஆனால் காலை ஆறரைக்கே வெயில் நேரே கன்வாஸில் விழும், எட்டு மணிக்கு உள்ளே இட்லிச் சட்டிதான். அதனால் மேலே இன்னொரு துணிக்கூரை இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறதா, கிழக்குப் பக்கம் மரம் உண்டா என்று பாருங்கள். மரம் தென்னை என்றால் தேங்காய் பறித்திருக்கிறார்களா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நுளம்பு வலை கட்டிலைச் சுற்றி மெத்தைக்கு அடியில் செருகும் அளவு நீளமா? மின்சாரம் போனால் மின்விசிறி ஓடுமா? குழாயில் வருவது நல்ல தண்ணீரா, உவர்த் தண்ணீரா? உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. கடலில் குளித்துவிட்டு வந்து அதில் மேல் கழுவினால் அம்மா அன்றைக்கே வீட்டுக்குப் போவோம் என்பா.

அம்மாவுக்காக மூன்று விஷயம். கழிப்பறை கூடாரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், இருக்கை வைத்ததாக இருக்க வேண்டும். கட்டில் முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும். நாகரிகம் என்று சொல்லி மெத்தையைத் தரையில் போடுகிற இடங்கள் உண்டு, அவவால் எழும்ப ஏலாது. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் வரை மணலா, கல் பதித்த பாதையா? வருத்தக் காலோடு நூறு மீற்றர் குருமணலில் நடப்பதைவிட ஒரு மைல் தார் றோட்டில் நடக்கலாம். இன்னொன்றை நீங்கள் மெதுவாகத்தான் கேட்க வேண்டும். 2004 டிசெம்பருக்குப் பிறகு நம் கரையோரத்துப் பெரியவர்கள் சிலருக்கு இரவில் அலைச் சத்தம் கேட்டால் நித்திரை வராது. அம்மா அப்படியானவா என்றால் கடல் தெரியாத, இரண்டாவது மூன்றாவது வரிசைக் கூடாரம் எடுங்கள்.

கிடுகு வேய்ந்த கபானா, அதாவது சின்னக் குடில், கிடைத்தால் கூடாரத்தை விட்டுவிட்டு அதை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஓகஸ்ட் வெயிலில் கன்வாஸ் கிடுகிடம் தோற்றுவிடும். அண்ணா கிளாம்பிங் என்கிறார். அம்மா சின்ன வயதில் அதை வயல் வாடி என்று சொல்லியிருப்பா. அப்போது குளியலறை மட்டும்தான் இல்லை.

பதிவு செய்யுமுன் ஒரு அனுபவம். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு "கடல் 200 மீற்றர்" என்ற விளம்பரத்தை நம்பி இடம் எடுத்தேன். பொய்யில்லை, 200 மீற்றர்தான். நடுவில் ஒரு களப்பு. கடலுக்குப் போக வாகனத்தில் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீற்றர். அந்தக் குடும்பத்துத் தாத்தா மூன்று நாளும் என்னோடு கதைக்கவில்லை. அன்றிலிருந்து நான் தூரம் கேட்பதில்லை. "கூடார வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்தபடி, குளிக்கிற தண்ணீர் வரைக்கும் நடந்து காட்டுங்கள்" என்று கேட்பேன். பகல் பன்னிரண்டு மணிக்கு எடுக்கச் சொல்வேன். நிழல் எவ்வளவு, பாதை எப்படி, கரையில் குப்பை உண்டா, உயிர்காப்பாளர் நிற்கிறாரா எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அனுப்பச் சுணங்குகிறவர்களை விட்டுவிடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா என்றும் கேளுங்கள்.

விலையில் இரண்டு இடத்தில் அடி விழும். சொன்ன விலை கூடாரத்துக்கா ஆளுக்கா; 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் அதற்குள்ளா வெளியிலா. நீங்களும் அம்மாவும் உள்ளூர் ஆட்கள் என்பதைப் பேசும்போதே சொல்லுங்கள், உள்ளூர் விலை கிடைக்கலாம். அண்ணா தன் கடவுச்சீட்டோடு இணையத்தில் பதிவு செய்யுமுன் நீங்கள் தொலைபேசியில் கதையுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லாருடைய போனிலும் போட்டு விடுங்கள், கனடா போனிலும்தான்.

கடைசியாகக் கலண்டரைப் பாருங்கள். அந்த மூன்று நாளுக்குள் போயா (பௌர்ணமி விடுமுறை) விழுந்தால் கடற்கரை நிரம்பி வழியும், நாட்டில் எங்கும் மதுபானமும் விற்கமாட்டார்கள். அண்ணாவுக்கு அதை இப்போதே சொல்லி வையுங்கள்.