பல்லை எண்ணிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்: சைக்கிள் கியர் கேள்வி-பதில்

சைக்கிள் கியர் பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன். பதில்களுக்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதுதான் கியர். முன்னால் இருக்கும் செயின் வீலின் பற்களைப் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால் அந்த மீட்டர் கிடைத்துவிடும். கீழே எல்லாம் இந்தக் கணக்குதான்.

கேள்வி: தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அலுவலகம் போய்வர சைக்கிள் வாங்கப் போகிறேன். என் எடை 92 கிலோ. கடையில் 21 கியர் வண்டி ஒன்றும், முன்னால் ஒரே செயின் வீல் வைத்த 8 கியர் வண்டி ஒன்றும் காட்டினார்கள். 8 கியர் வண்டிக்குத்தான் விலை அதிகம். 21 கியர் கிடைக்கும்போது 8-க்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

21 என்பது முன்னால் 3, பின்னால் 7, இரண்டையும் பெருக்கிய எண். அத்தனையும் வேறு வேறு கியர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகை வண்டிகளில் பரவலாக வருவது முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14-லிருந்து 28 வரை. இப்போது 42-ஐ 28-ஆல் வகுங்கள்: 1.5. 24-ஐ 16-ஆல் வகுங்கள்: அதுவும் 1.5. நடுவில் 34-ஐ 22-ஆல் வகுத்தால் 1.55. மூன்று இடத்தில் லிவரைத் தட்டி, காலுக்குக் கிடைப்பது ஒரே கனம். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஒன்றுபோல் வருவதை அடித்துவிட்டுப் பார்த்தேன். உருப்படியாக மிஞ்சுவது 12 அளவில்தான்.

அப்புறம், முன்னால் பெரிய வீல், பின்னால் பெரிய பல் என்று போட்டால் செயின் குறுக்காக இழுபட்டு உராயும். சின்னதுக்குச் சின்னது போட்டாலும் அப்படித்தான்.

8 கியர் வண்டியில் முன்னால் 38, பின்னால் 11 முதல் 34 வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கனமான கியர் 3.45, இலகுவான கியர் 1.12. ஜி.எஸ்.டி. சாலையின் மேம்பாலங்களுக்கு 1.12 தாராளமாகப் போதும். ஒரே கையால் வரிசையாக மாற்றிக்கொண்டே போகலாம், சிக்னலில் குழப்பம் இல்லை. செயினை ஒரு வீலிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டெரெய்லரே இல்லாததால் அதை டியூன் பண்ணும் வேலையும் மிச்சம். அடிக்கடி மலைக்குப் போகிறவர் என்றால் மட்டும் நான் உங்களை 21-க்கு அனுப்புவேன். அதில் 24-க்கு 28, அதாவது 0.86 என்ற மிக இலகுவான கியர் இருக்கிறது.

உங்கள் எடைக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் வருவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் மரை வைத்து முறுக்கும் பல்சக்கரத் தொகுதி, அதாவது ஃப்ரீவீல். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். வெளியே நீண்டு நிற்கும் ஆக்ஸிலுக்குத் தாங்கல் இல்லை. எடை கூடினவர்கள் ஓட்டி, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த ஆக்ஸில் வளைந்தோ ஒடிந்தோ போவது மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன வேலை. பல்சக்கரங்களை மேலே செருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 8 கியர் வண்டி கேசட்டா என்று கேளுங்கள். ஆம் என்றால் கூடுதல் விலையில் பெரும்பகுதி அங்கேயே நியாயமாகிவிடும்.

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். ரோடு பைக் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. முன்னால் 50-34, பின்னால் 7 கியர், 14-28. சமவெளியில் நன்றாகப் போகிறது. ஏற்காடு ஏறினால் பாதியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. நானும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. கூட வருகிறவர்கள் "காலில் பலம் வரட்டும், கியரை இறக்காதே" என்கிறார்கள். எது சரி?

நீங்கள் தள்ளுவதற்கு உங்கள் கால் காரணம் இல்லை என்பதை எண்களாலேயே காட்டுகிறேன்.

உங்களிடம் இருப்பதிலேயே இலகுவான கியர் 34-க்கு 28, அதாவது 1.21. டயர் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஒரு சுற்று மிதித்தால் 2.55 மீட்டர் முன்னேறுகிறீர்கள். 7 சதவீத ஏற்றம் என்றால் அதில் 18 சென்டிமீட்டர் மேலே போகிறீர்கள். வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், 80 கிலோவை நிமிடத்துக்கு 60 படி தூக்குகிறீர்கள். அதற்குத் தேவை சுமார் 150 வாட். 20 கொண்டை ஊசி வளைவு முழுக்க அதே சக்தியைக் கொடுத்துக்கொண்டே இருப்பது ஆறு மாதம் ஓட்டிய ஒருவருக்குக் கஷ்டம். சக்தி குறைந்ததும் சுற்று 60-லிருந்து 40-க்கு இறங்கும், ஒவ்வொரு மிதியும் கனக்கும், முட்டி பிடிக்கும், கடைசியில் இறங்கிவிடுவீர்கள்.

பின்னால் 28-க்குப் பதில் 34 பல் போட்டால் கணக்கு சரியாக 1. ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், மேலே 15 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே 60 சுற்றுக்குச் சுமார் 125 வாட் போதும். வேகம் மணிக்கு 9 கிலோமீட்டரிலிருந்து ஏழரைக்கு இறங்கும். இறங்கித் தள்ளினால் 4 கூட வராது.

இதற்காக வண்டியை மாற்ற வேண்டாம். 7 கியரிலேயே 14-34 ஃப்ரீவீல் கிடைக்கிறது. ஆனால் அதை மட்டும் வாங்கி மாட்டச் சொல்லாதீர்கள். உங்கள் வண்டியில் இருக்கும் பின் டெரெய்லர் 28 பல்லுக்கென்று வந்தது. அதன் மேல் உருளை 34 பல்லில் இடிக்கும், கீழே செயினின் தொய்வையும் முழுக்க இழுக்காது. ஆகவே 34 பல் தாங்கும் நீளமான கை கொண்ட டெரெய்லர் சேர்த்து வாங்குங்கள். ஷிமானோவில் 7, 8 கியர் டெரெய்லர்களுக்குக் கேபிள் இழுக்கும் அளவு ஒன்றுதான் என்பதால் லிவரை மாற்ற வேண்டாம். செயினும் புதிதாக, கூடுதல் நீளத்தில் வேண்டும். மூன்றும் சேர்ந்தாலும் வண்டி விலையோடு பார்க்கச் சின்னச் செலவுதான்.

நண்பர்கள் சொல்வதற்கு ஒரு பழைய கதை உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1936 வரை டெரெய்லருக்கு அனுமதி இல்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்லில் செயினை மாட்டி ஏறினார்கள். உலகத்தின் பலமான கால்களே ஏற்றத்துக்கு இலகுவான பல்லைத் தேடின. 1937-ல் அனுமதி வந்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் தயங்காமல் இறக்குங்கள். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்குப் போகும் நாளிலும் இந்த 34 உங்களுக்கு உதவும்.

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்கள் ஊர். மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் போகிறாள். ஆனி, ஆடி மாதங்களில் காலையில் எதிர்காற்று அடித்து நிறுத்துகிறது, வந்ததும் கால் வலி என்று உட்கார்ந்துவிடுகிறாள். இதில் கியர் மாட்ட முடியுமா? நீங்கள் முன்பு எழுதியபடி எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18 பல்.

எண்ணிப் பார்த்து எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பாதி வேலை முடிந்தது.

கியர் மாட்ட வேண்டாம். இந்த வகை வண்டியில் பின் போர்க்கின் இடைவெளி ஒற்றைப் பல்லுக்கான அளவு. பல கியர் ஃப்ரீவீலுக்கு இடம் இல்லை, டெரெய்லர் தொங்க இடமும் இல்லை. நெம்பி மாட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செலவும் ஆகும், செயினும் நாளும் கழலும்.

உங்கள் ஊர்க் காற்றுக்கு நல்ல வழி, பின்னால் இருக்கும் ஒற்றை ஃப்ரீவீலை மாற்றுவது. சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. 44-க்கு 18 என்றால், 26 இன்ச் சக்கரத்தில், ஒரு மிதிக்கு 5 மீட்டர் வண்டியைத் தள்ளுகிறாள். காற்றாலை நட்டு வைத்திருக்கும் கணவாயில் அது பெரிய பாரம். 20 பல் போட்டால் நாலரை மீட்டர், 22 போட்டால் 4 மீட்டர் சொச்சம். நான் 20 போடச் சொல்வேன். சாயங்காலம் அதே காற்று முதுகில் அடிக்கும்போது 22 பல்லில் கால் வெறுமனே சுற்றும். புத்தகப் பை மிகவும் கனம், வழியில் மேடும் உண்டு என்றால் 22.

20 பல்லுக்கு, பின் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி முடுக்கினால் இருக்கிற செயினே போதும். 22 என்றால் ஒரு ஜோடி கண்ணி சேர்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக் கட்டை ரிம்மில் சரியான இடத்தில் படுகிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சீட்டையும் பாருங்கள். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று பிள்ளைகள் சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். முட்டி மடங்கியபடியே மிதித்தால் எந்தப் பல் போட்டாலும் வலிக்கும்.

கேள்வி: வயது 63, தஞ்சாவூர். முட்டி வலிக்கு மருத்துவர் சைக்கிள் ஓட்டலாம் என்றார். எந்தக் கியர் வண்டி வாங்கலாம்?

உங்கள் ஊரில் மேடே கிடையாது என்பதால் கியர் எண்ணிக்கை பற்றிக் கவலை வேண்டாம். முன்னால் 38 பல் அளவில் ஒரே வீல், பின்னால் 7 கியர், தாழ்ந்த சட்டம். இது போதும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் கால் நேராக வரும் உயரத்தில் சீட் இருக்கட்டும். நிமிடத்துக்கு 70 சுற்று வருகிற மாதிரி இலகுவான கியரிலேயே ஓட்டுங்கள். கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதுதான் முட்டிக்கு எதிரி. நீங்கள் குள்ளமானவர் என்றால், வழக்கமான 170 மில்லிமீட்டர் கிராங்குக்கு (பெடலைத் தாங்கும் கை) பதில் 165 அல்லது அதற்கும் குறைந்தது கேளுங்கள். மேலே வரும்போது முட்டி அவ்வளவு மடங்காது.

ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் வண்டி கண்ணில் பட்டால் அதையும் பாருங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1902-ல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சரின் 3 கியர் ஹப் இந்த வகை. வண்டி நிற்கும்போதே கியர் மாற்றலாம், வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எட்டு வயது மகன் 18 கியர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.

வாங்கித் தராதீர்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். பையனின் எடையில் பாதிக்கு மேல் வந்தால், தன் அளவுக்கு மீறிய பாரத்தை அவன் தினமும் இழுக்கப்போகிறான் என்று பொருள். மலிவான ஸ்பிரிங் மிதிக்கிற பலத்தைத் தின்னும், குழிக்கு உதவாது. 20 இன்ச் சக்கரம், முன்னால் 32, பின்னால் 18 பல், கைக்கு எட்டும் பிரேக் லிவர். இந்த வயதுக்கு இதுவே நல்ல வண்டி. கியர் ஆசையை அடுத்த வண்டிக்கு, பின்னால் மட்டும் 7 கியராக, ஒத்தி வையுங்கள்.

கடைசியாக, புது செயின் போட்ட பிறகு மிதிக்கும்போது "டக்"கென்று வழுக்குகிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இது நடந்தது. செயினை மட்டும் மாற்றினேன். மூன்றாம் நாள் ஒரு மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது வழுக்கி, முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. ஒரு வாரம் நொண்டினேன். தேய்ந்து நீண்ட செயின் பின் பற்களையும் தன் அளவுக்கு அரித்துவிடும். அந்தப் பல்லில் புதுச் செயின் உட்காராது.

வீட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினில் ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 இன்ச் கோட்டைப் பாருங்கள். புதுச் செயினில் அங்கே இன்னொரு ஆணியின் நடு சரியாக வரும். அது கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்றுங்கள், பல் தப்பிவிடும். 3 மில்லிமீட்டர் போயிருந்தால் ஃப்ரீவீலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள். கடையில் பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு அளந்து புதியதை வெட்டினால் தடுத்துவிடுங்கள். அவ்வளவு நீண்ட செயினில் ஒரு கண்ணி கணக்கு தவறிவிடும். கண்ணிகளை எண்ணி வெட்டச் சொல்லுங்கள்.