‘சாப்பிட்டியா?’ – ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜெர்மனியைப் பற்றியவை. எழுதியவர்கள் மன்னார்குடி, திருவாரூர், சீர்காழி என்று நம் பக்கத்து ஆட்கள்தான். எனக்குப் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஊர். நீர்வளப் பொறியியல் மேற்படிப்புக்காக 2017இல் ஜெர்மனிக்குப் போனேன். இரண்டு வருடப் படிப்பை முடிக்க மூன்று வருடம் ஆனது. ஏன் என்பதையும் சொல்கிறேன்.

என் மகன் செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறான். நெய், பால்கோவா, கறிவேப்பிலை, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா? – வாசகி, மன்னார்குடி

அக்கா, நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. சுங்கத்தில் பார்த்தால் எடுத்துக்கொள்வார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அதையும் விட்டுவிடுங்கள். நிழலில் உலர்த்தி, பருப்போடு வறுத்துப் பொடியாக்கிக் கொடுங்கள். வெண்ணெய் அங்கே நன்றாகவே கிடைக்கிறது, நெய்யை அவனே உருக்கிக்கொள்ளட்டும்.

பருப்புப் பொடி, அங்காயப் பொடி, சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய், புளிக்காய்ச்சல் இவை போதும். புளிக்காய்ச்சலை மட்டும் கவனமாகக் கட்டுங்கள். என் அம்மா எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். போய்ப் பெட்டியைத் திறந்தால் துணி மஞ்சளாகி, நல்லெண்ணெய் இரண்டு சுடிதாரில் இறங்கி, அறை முழுக்கப் பெருங்காய வாசனை. கருஞ்சிவப்பாக அடியில் ஒட்டியிருந்ததை ஸ்பூனால் வழித்து வழித்து மூன்று வாரம் சாப்பிட்டேன். நீங்கள் அகலவாய் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எண்ணெய் மேலே நிற்காமல் கொஞ்சம் இறுத்துவிட்டு, இரண்டு கவர் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

கைப்பையில் அரைக் கிலோ அவலும் சர்க்கரையும் இருக்கட்டும். நான் போய் இறங்கியது சனிக்கிழமை இரவு. ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் சட்டப்படியே கடைகளுக்கு விடுமுறை என்பது எனக்குத் தெரியாது. அன்று முழுக்க அறையில் இருந்த ஒரே டம்ளரில் அவலை நனைத்து நனைத்துச் சாப்பிட்டுத்தான் பொழுது போனது.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. அவன் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியை அவனிடம் விட்டுவிட்டு நீங்கள் திண்ணையில் உட்காருங்கள். சோறு, ரசம், ஒரு வற்றல் குழம்பு, ஒரு கூட்டு வந்தால் போதும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும் பழக்குங்கள். நான் மிளகாய் தாளித்த முதல் நாளே புகைக்கான அலாரம் அடித்து, மாடி முழுக்க இருந்த மாணவர்கள் இறங்கி வாசலில் நின்றார்கள்.

பகுதி நேர வேலை பார்த்தே எல்லாச் செலவையும் சமாளிக்கலாம் என்கிறார்கள். அப்பா இரண்டு மா நிலத்தை ஒத்தி வைக்கத் தயாராக இருக்கிறார். அது வேண்டாம் என்று அவரிடம் சொல்லலாமா? – வாசகர், திருவாரூர்

தம்பி, நிலத்தை ஒத்தி வைக்க வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வேலை செய்தே எல்லாம் சமாளித்துவிடுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் நான் ஒரு வருடத்தை இழந்தேன்.

விசாவுக்கு முன்னால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை, மாதாமாதம் பிரித்துத்தான் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் போட வேண்டும். நான் போகும்போது 8,640 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அது கட்டணமாகப் போகிற பணமில்லை, மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வரும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு முறை கட்டும் சிறு தொகைதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்.

இனி வேலை. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் பத்து மணி நேரம் பார்த்தால் மாதம் 600 யூரோவை ஒட்டி வரும். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது பெரிய ஒத்தாசை. ஆனால் போய் இறங்கிய மாதமே வேலை கிடைக்காது. ஜெர்மன் மொழி கொஞ்சமாவது வராமல் சின்ன ஊரில் கடையில்கூட நிற்க முடியாது. முதல் ஆறு மாதத்துக்கு வேலை வருமானம் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எனக்கு டிசம்பரில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. வாரம் நான்கு மாலை. ராட்டினம் மாதிரி தட்டு வந்துகொண்டே இருக்கும். மெஷினைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், சூட்டோடு தட்டை எடுத்து அடுக்கியாக வேண்டும். விரல் நுனி எல்லாம் ஊறி வெளுத்துப்போகும். பதினொன்றரைக்குக் கடைசி பஸ், காலை எட்டு மணிக்கு வகுப்பு. சமைக்க நேரமில்லாமல் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓடியது. பிப்ரவரியில் நிலத்தடி நீரியல் தேர்வில் ஃபெயில், இன்னொன்றை எழுதவே போகவில்லை. அந்த இரண்டு தாளும் திட்டத்தை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. அந்த உணவகம் கடைசி பதினொரு நாள் கூலியையும் தரவில்லை. ஒப்பந்தம் எழுதி வாங்காமல் கையில் காசு வாங்கியது என் தவறு. எழுத்தில் இல்லாத வேலைக்கு எவ்வளவு கொடுத்தாலும் போகாதீர்கள்.

இரண்டாம் வருடம் என் துறையிலேயே மாணவ உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே ‘ஹிவி’ என்பார்கள். ஆற்றுநீர் அளவுகளைக் கணினியில் ஏற்றுவது, சோதனைக் குடுவை கழுவுவது. அந்த வேலை 140 நாள் கணக்கில் சேராது, தேர்வு வந்தால் பேராசிரியரே விடுப்புத் தருவார். முதல் பருவத்திலிருந்தே அதற்குக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக் கடன் தரும் திட்டம் உண்டு. அதற்கு மேல் ஈடு கேட்பார்கள். நஞ்சையைக் காட்டினால் பெரும்பாலும் தலையாட்ட மாட்டார்கள். கடன் திரும்பாவிட்டால் ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் 2002 சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதனால்தான் தயங்குகிறார்கள். வங்கியில் இப்படித் திரும்பி வந்த பிறகுதான் நம் ஊரில் ஒத்திக்கும் மூன்று வட்டிக்கும் போகிறார்கள். அந்தப் படியை மிதிக்காதீர்கள். டவுனில் வீடோ மனையோ இருக்கும் சித்தப்பா, மாமா யாராவது ஈடு கொடுப்பார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் இங்கேயே வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போங்கள். இரண்டு மா என்பது உங்கள் வீட்டின் வருடத்துச் சோறு, தம்பி.

குளிரில் இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. – வாசகர், ஜெர்மனியிலிருந்து (சொந்த ஊர் சீர்காழி)

கையால் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, சூடு போடாத மின்சார ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க வையுங்கள். அடியில் தட்டு வைக்க மறக்காதீர்கள், பொங்கினால் வழியும். இட்லி அரிசியும் உளுந்தும் ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஒரு முறை போய்வாருங்கள். அங்கே ஒரு மாமி, “இன்னும் கொஞ்சம் போடட்டோ பிள்ளை?” என்று கேட்டு எனக்குச் சோறு போட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா தினமும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கிறார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஆச்சுப்பா’ என்கிறேன். இரண்டு தேர்வில் தோற்றுவிட்டேன், அதையும் சொல்லவில்லை. – வாசகி, ஜெர்மனியிலிருந்து (சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி)

தங்கச்சி, நானும் நான்கு மாதம் இப்படித்தான் சொன்னேன். வீடியோவில் என் கழுத்தெலும்பைப் பார்த்துவிட்டு அண்ணன்தான் கேட்டான். மறைக்க முடியவில்லை. வேலை, தேர்வு, கூலி வராதது எல்லாம் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார். “வேலையை விட்டுடு. இன்னிக்கி என்ன சமைச்ச?” என்றார். அதற்குப் பிறகு அவர் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டதே இல்லை. ‘என்ன சமைச்ச’ என்றுதான் கேட்பார், புளி எவ்வளவு போட்டாய் என்பது வரை கேட்பார். பொய் சொல்ல வழியில்லாமல் நானும் சமைக்க ஆரம்பித்தேன்.

தோற்ற தாளை இன்னும் எத்தனை முறை எழுதலாம் என்பதை இந்த வாரமே தேர்வு அலுவலகத்தில் கேளுங்கள். என் படிப்பில் மொத்தம் மூன்று முறைதான். மாணவர் நலச் சங்கத்தில் மனநல ஆலோசகர்கள் இருப்பார்கள், பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். நான் இரண்டு முறை போனேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்தியானம் மாணவர் உணவகத்தில் சூடாக ஒரு வேளை சாப்பிடுங்கள்.

இன்று ஒரு பிடி அரிசியும் கால் பிடி பாசிப்பருப்பும் போட்டுக் குழைய வேக வையுங்கள், மிளகும் சீரகமும் வெண்ணெயில் பொரித்துக் கொட்டுங்கள். இது குளிர்காலம், அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே ஒன்பதரை. அப்பா படுத்திருக்க மாட்டார். தட்டைக் காட்டிவிட்டு, தேர்வைப் பற்றியும் இன்றே சொல்லிவிடுங்கள்.