முதல் தோட்டத்தை ஆவாரத்திலிருந்து தொடங்குங்கள்: கேள்வி பதில்

வீட்டுத் தோட்டம் தொடங்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஓசூரில் வாங்கி வந்த ஆறு ரோஜாக் கன்றுகளும் சித்திரை வெயிலில் கருகிவிட்டன. எனக்குக் கைராசி இல்லையோ, ஐயா? (தருமபுரி)

குறை உங்கள் கையில் இல்லை, அம்மா. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரியோ அதில் பாதி உயரத்தில்தான் உள்ளது. ஓசூரின் குளிர்ந்த இரவுகளில், நிழல்வலைக்குள் செல்லமாக வளர்ந்த கன்று, நம் செம்மண் சூட்டில் திடீரென நின்றால் தாங்காது. முதல் ஆண்டில் இந்த மண்ணுக்கே உரிய செடிகளை வையுங்கள். அவை நீங்கள் தண்ணீர் ஊற்ற மறந்த நாள்களையும் பொறுத்துக்கொள்ளும். ரோஜாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆவாரம் சாலையோரச் செடிதானே? அதைப் போய் வீட்டு முன் வைப்பதா? (பென்னாகரம்)

பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் நாம் தேடி ஓடுவது இந்த ஆவாரம்பூவைத்தானே! ஓர் ஆள் உயரத்திற்குள் அடங்கும் இந்தப் புதர், மஞ்சள் கொத்துகளோடு வாசலில் நிற்கும் அழகை ஒருமுறை பார்த்தால் உங்கள் தயக்கம் தீரும். காய்ந்த நெற்றிலிருந்து விதையை எடுத்து, அதன் தோல் கடினமானது என்பதால், சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். வேர் கலைந்தால் செடி வாடும். ஆகவே நிலத்தில் நேராக ஊன்றுவது நல்லது. இலையில் பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்து அடிக்காதீர்கள். வெண்ணிறத்தில் பச்சைச் சாயல் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி தன் முட்டைகளை இடத் தேடி வரும் செடி இது.

தலையில் சூடும் பூ வேண்டும் என்று அம்மா கேட்கிறார். நாட்டுச் செடியில் அதற்கு வழி உண்டா? (ஊத்தங்கரை)

தாராளமாக உண்டு. கனகாம்பரமும் முல்லையும் தென்னிந்தியாவையே தாயகமாகக் கொண்டவை. கனகாம்பரத்தின் முற்றிய காய் நீர் பட்டதும் வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும் என்பதால், ஒரு செடி வைத்தால் சுற்றிலும் கன்றுகள் தாமே முளைக்கும். டெல்லிக் கனகாம்பரம் என்று விற்கப்படும் வகை மட்டும் விதை பிடிக்காது. அதைத் தண்டு ஒடித்துத்தான் நட வேண்டும். கனகாம்பரத்தின் வேரை, மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழு தாக்குவதுண்டு. அதற்கு இடையிடையே செண்டுமல்லி நடுவது உதவும். செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். ஆயினும் வெளியூர்ச் செடி அனைத்தையும் பிடுங்கி எறியச் சொல்பவன் அல்லன் நான்.

உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றனவே, அதை வைக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாக வந்த அது, பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று நம் காடுகளில் புல்லையும் இளங்கன்றுகளையும் அமுக்கிப் புதராக மண்டிக் கிடக்கிறது. வண்ணத்துப்பூச்சி தேன் குடித்தால் மட்டும் போதாது. அதன் புழு தின்ன இலையும் வேண்டும். இடமிருந்தால் ஆடாதோடை, கொல்லையில் கொன்றை, தொட்டியில் தும்பை வையுங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல் ஏதோ ஒட்டிக்கொண்டு நகர்கிறது. என்ன செய்வது? (ஓசூர்)

அது ஓர் அழகிய கருநிற வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. எதிரியை ஏமாற்றவே அந்த வேடம். செடி சிறியதென்றால் ஓரிரு புழுக்களை மட்டும் விட்டு மற்றவற்றை எலுமிச்சைச் செடிக்கு மாற்றுங்கள். அதன் இலையையும் அவை தின்னும்.

செங்காந்தள் வைக்க ஆசை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. (அரூர்)

நம் மாநில மலர்தான். ஆனால் கிழங்கு முதல் விதை வரை கொடிய நஞ்சு. குழந்தை வளரும்வரை காத்திருங்கள்.

எந்த மாதத்தில் நடலாம்? (பாலக்கோடு)

ஆவணி, புரட்டாசியில் நடுங்கள்; வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். சரளை மண்ணாக இருந்தால் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, கன்றைச் சுற்றிக் காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்புங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். முதல் கோடையில் மட்டும் வாரம் இருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள்.