ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர் பெரிய செய்தி வந்தால் மட்டும் பாதியில் நிற்பது ஏன்?

ஓப்பன்எஸ்எஸ்எல் (இணைப்பை மறையாக்கம் செய்யும் லைப்ரரி) சேர்த்து, சி-யில் செலக்ட் (நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட்டில் டேட்டா வந்தால் புரோகிராமை எழுப்பும் ஃபங்ஷன்) வைத்து எழுதிய சர்வர், சின்னச் செய்தியை ஒழுங்காக வாங்குகிறது, பெரியது வந்தால் தொங்குகிறது என்கிறீர்கள். நெட்வொர்க் மேல் பழி போடாதீர்கள். மறையாக்கிய டேட்டாவின் ஒரு பொட்டலமான டிஎல்எஸ் ரெக்கார்டு ஒன்றில் 16,384 பைட் வரை வரும். அதை அவிழ்க்க முழு ரெக்கார்டும் வேண்டும் என்பதால் லைப்ரரி சாக்கெட்டிலிருந்து மொத்தத்தையும் உருவிக்கொள்ளும். உங்கள் பஃபர் 4,096 என்றால் மீதி 12,288 பைட் லைப்ரரிக்குள்ளேயே கிடக்கும். சாக்கெட்டோ காலி, செலக்ட் எதை வைத்து எழுப்பும்?

டேட்டாவை வாசிக்கும் எஸ்எஸ்எல் ரீடை ஒருமுறை கூப்பிட்டதோடு நிறுத்தாமல், எஸ்எஸ்எல் கெட் எரர் 2, அதாவது 'வான்ட் ரீட்' (இன்னும் டேட்டா வர வேண்டும்), தரும்வரை லூப்பில் ஓட்டுங்கள். சாக்கெட் நான்-பிளாக்கிங்கில் (டேட்டா இல்லாவிட்டால் காத்திராமல் உடனே திரும்பும் முறையில்) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லூப்பே தொங்கும். அப்படியே சிக்பைப் சிக்னலையும் இக்னோர் செய்துவிடுங்கள். எதிர்முனை மூடிய பிறகு எழுதப்போனால் அந்த சிக்னல் வந்து சர்வர் சத்தமில்லாமல் செத்துவிடும்.