குறைந்த செலவில் தொலைதூர இலக்குச் சுடுதலுக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம்?

துப்பாக்கியிலேயே மொத்தப் பணத்தையும் கொட்டிவிடாதீர்கள். கையில் இருப்பதில் ஏறக்குறைய பாதியை ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைத் துப்பாக்கியில் பொருத்தும் மவுன்ட், தோட்டா இவற்றுக்கு ஒதுக்குங்கள். மலிவான ஸ்கோப்பில் டரெட்டை, அதாவது குறியைச் சரிசெய்யும் குமிழைத் திருப்பினால் குறி சொன்ன அளவுக்கு நகராது. திரும்பப் பழைய இடத்துக்கும் வராது. அப்புறம் எவ்வளவு நல்ல பேரல் (குழல்) இருந்தும் பயனில்லை.

முதல் ரைஃபிள் என்றால் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவைச் சுடும் போல்ட் ஆக்‌ஷன்தான் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) என் தேர்வு. 2007-இல் வந்த இந்தத் தோட்டா, .308 என்ற இன்னொரு வகைத் தோட்டாவை விடக் குறைவாக உதைக்கும், காற்றுக்கும் குறைவாகவே விலகும். பேரல் மட்டும் .308-ஐ விடச் சீக்கிரம் தேயும்.

டிக்கா T3x, ஹோவா 1500, சாவேஜ் மூன்றுமே விலைக்கு மோசமில்லை. டிரிகர் சீராக, மென்மையாக இருப்பது டிக்காவில்தான். பேரல் கனமானதா, 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டென்றால் ட்விஸ்ட், அதாவது பேரலுக்குள் இருக்கும் வரிகளின் முறுக்கு, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றா என்று பாருங்கள்.

குண்டுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள்; '1 எம்ஓஏ' என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ., 1000 மீட்டரில் 29 செ.மீ. விளம்பரத்தில் மூன்று குண்டுகளை மட்டும் சுட்டுக் காட்டும் சிதறல் அளவை நம்பாமல் பத்துச் சுட்டுப் பாருங்கள், நிஜம் தெரிந்துவிடும். உரிமச் சட்டத்தை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.