அரூர்ப் பாறைக்கு வயது பார்க்கும் படிப்பு சோறு போடுமா?

கேள்வி: அரூர் பக்கம் விவசாயம் செய்கிறேன். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கும் மகள், ஜியாலஜி எடுத்துப் பாறைகளின் வயதைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்கிறாள். பெண்பிள்ளையைக் குவாரிக்கா அனுப்புவது?

பதில்: ஐயா, குவாரிக்கும் பாப்பா சொல்வதற்கும் வெகுதூரம். அவள் கேட்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் நடக்கிற வேலை. வருடத்தில் சில வாரம் வெயிலில் அலைந்து பாறை மாதிரி எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எதற்கு வயது பார்க்கிறார்கள்? உங்கள் அரூர்–ஊத்தங்கரைப் பகுதியிலேயே மாலிப்டினம் தாது இருக்கிறது. எஃகுக்கு வலுவூட்டச் சேர்க்கும் உலோகம் அது. பக்கத்தில் உள்ள தீப்பாறை, அதாவது பாறைக்குழம்பு ஆறி இறுகிய பாறை, உறைந்த காலமும் தாது படிந்த காலமும் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே பாறைக்குழம்பிலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. தாது மிகவும் பிந்தியது என்றால் அந்தப் பாறையைத் துரத்துவதில் பயனில்லை, வேறு தடயம் பார்க்க வேண்டும். பூமியில் துளை போடுவது காசு விழுங்கும் வேலை என்பது போர்வெல் போட்ட உங்களுக்குத் தெரியாததா?

தீப்பாறைக்கு வயது சொல்வது அதிலுள்ள சிர்கான் என்னும் பொடிப் படிகம். அதனுள் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகிறது; எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். மாலிப்டினைட் என்னும் மாலிப்டினத் தாதுவில் ரீனியம் என்ற உலோகம் ஆஸ்மியம் என்ற வேறு உலோகமாக மாறுவதால் தாதுவையே நேரடியாக அளந்துவிடலாம். நம் பக்கம் கருப்பு கிரானைட் என்று வெட்டி விற்கிறார்களே, அது டோலரைட். பெங்களூர்–தர்மபுரி வட்டாரத்து டோலரைட் சுவர்கள் (பழைய பாறையின் வெடிப்பில் பாறைக்குழம்பு புகுந்து சுவர் போல இறுகியவை) பலவற்றுக்கு 237 கோடி ஆண்டு வயது என்று யுரேனியம் ஈயமாவதை வைத்துத்தான் கணித்தார்கள். சுத்தியலைவிட வேதியியலும் கணக்கும்தான் இங்கே முக்கியம்.

சரி, சம்பளம். பி.எஸ்சி. ஜியாலஜியோடு நின்றால் நல்ல வேலை கஷ்டம், ஒளிக்காமல் சொல்கிறேன். சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கலாம். எம்.எஸ்சி.க்குப் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஜாம் என்னும் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யும் கிடைக்கலாம். அதன்பின் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வில் வென்றால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் குரூப் ஏ பணி. பெண்களும் அங்கே களப்பணிக்குப் போகிறார்கள்.

வயதுக் கணிப்புதான் வேண்டும் என்றால் பி.எச்டி. வரை போக வேண்டும். ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ. (தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம்) போன்ற சில இடங்களில்தான் அதற்கான கருவிகள் உண்டு. படித்து முடிக்க இருபத்தெட்டு வயதாகிவிடலாம். கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளிவைக்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

கல்லூரி விண்ணப்பத்தில் முதலில் ஜியாலஜி, அடுத்து வேதியியல் என்று போடுங்கள். அதே யு.பி.எஸ்.சி. தேர்வில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்கும் அதே துறையில் பதவி உண்டு.